லெவி ஆயிரம், கடன் ஒரு லட்சம்: டர்பனில் வீடு வாங்கும் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனும் அவன் மனைவியும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜையில் மூன்று தாள்களைப் பரப்பினான். மூன்றும் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டர்பனின் வீட்டு விளம்பரங்கள்.

"அத்தை, இதில் எது மலிவு? நீங்களே சொல்லுங்க."

முதல் தாள், சாட்ஸ்வொர்த்தில் மாண்ட்ஃபோர்ட் பக்கம் ஒரு பாதி வீடு. செமி என்போமே, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். பின்னால் இரண்டு அறை அவுட்பில்டிங். கேட்கிற விலை 12.9 லட்சம் ராண்ட். (பேச்சில் 1.29 மில்லியன் என்றுதான் சொல்வோம். தமிழில் எழுதும்போது லட்சம்தான் கைக்கு வருகிறது.) இரண்டாவது, மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் காம்ப்ளெக்ஸுக்குள் இரண்டு படுக்கையறை ஃப்ளாட், 10.2 லட்சம். மூன்றாவது, விமான நிலையம் போகிற வழியில் இன்னும் அஸ்திவாரம்கூட எழும்பாத புதுக் குடியிருப்பில் ஒன்று, 13.5 லட்சம். அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை!' என்று போட்டிருந்தது, அதாவது சொத்து கைமாறும்போது கட்டும் வரி இல்லை என்று.

"ஃப்ளாட்தானே மலிவு?" என்றான். விளம்பர விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் விலையை நாம் ஒரேயடியாகக் கொடுப்பதில்லையே. இருபது வருஷம் மாதாமாதம் கொடுக்கிறோம், கூடவே லெவி (காம்ப்ளெக்ஸின் மாதப் பராமரிப்புக் கட்டணம்), ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி), இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுக்கிறோம். அதனால் மூன்றையும் மாதக் கணக்காக மாற்றச் சொன்னேன்.

வட்டி 10.25 சதம், தவணை 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ராண்ட் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 982 ராண்ட் வரும். அப்படியென்றால் லெவியாகப் போகும் ஒவ்வொரு ஆயிரம் ராண்டும் ஒரு லட்சம் ராண்ட் கடனைச் சுமப்பதற்குச் சமம். ஃப்ளாட்டுக்கு லெவி 2,650. அதே பணத்தைக் கடனுக்குக் கட்டினால் 2.7 லட்சம் ராண்ட் தாங்கும். 10.2 லட்சத்து ஃப்ளாட் இப்போது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். லெவிக்குள் கட்டிட இன்ஷூரன்ஸ், வெளிச்சுவர் பெயிண்ட், கூரை, வாசலில் நிற்கும் காவலாள் எல்லாம் அடக்கம். தனி வீட்டுக்காரன் அதை எல்லாம் தன் கையிலிருந்து போட வேண்டும். அதனால் வீட்டுக் கணக்கில் இன்ஷூரன்ஸுக்கு 450, பழுது பார்க்க ஒதுக்கி வைக்க 1,000 என்று சேர்த்தோம். முழு விலைக்கும் கடன், நகராட்சி ரேட்ஸும் உண்டு. முடிவு இப்படி வந்தது: சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு மாதம் சுமார் 15,000, ஃப்ளாட்டுக்கு 13,600, புதுக் குடியிருப்புக்கு 15,800.

"அப்போ ஃப்ளாட்தான்" என்றான் மறுபடியும். அவன் மனைவியும் தலையாட்டினாள். அவள் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. விடியற்காலை ஐந்தரைக்கு வந்து கேட்டைத் திறக்க இறங்கி நிற்பது அவளுக்குப் பயம். டர்பனில் இதைச் சிறிய விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. காவலாள் உள்ள கேட்டுக்குள் காரை ஓட்டிப் போவதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் இந்த 13,600 அப்படியே நிற்குமா என்றுதான் நான் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், நானே பட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். கட்டிடத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது: லிஃப்ட் மாற்ற வேண்டும், மொட்டைமாடி ஒழுகுகிறது, ஆளுக்கு 38,000 ராண்ட் சிறப்பு லெவி. விசாரித்தால் இந்தப் பேச்சு இரண்டு வருஷமாகக் கூட்டக் குறிப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் குழாயையும் டைல்ஸையும் பார்த்தேன், கூட்டக் குறிப்பைக் கேட்கவே இல்லை.

இப்போது கேட்பதற்குச் சட்டமே துணை நிற்கிறது. ஃப்ளாட் போன்ற பங்கு உரிமைக் கட்டிடங்களுக்கான செக்‌ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பாடி கார்ப்பரேட்டும் (உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து தனியாக ஒரு சேமநிதி வைக்க வேண்டும். பெரிய பழுதுகளுக்குப் பத்து வருஷத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். அதனால் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை: அந்தப் பத்து வருஷத் திட்டம், சேமநிதியில் உள்ள தொகை, தணிக்கை செய்த கணக்கு, கடைசி மூன்று ஆண்டுக் கூட்டத்தின் குறிப்புகள், லெவி பாக்கி வைத்திருக்கும் உரிமையாளர்கள் எத்தனை பேர் என்பது. நான்கில் ஒருவர் பாக்கி வைத்திருந்தால் மற்ற மூன்று பேர்தான் அந்தக் கட்டிடத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கார் நிறுத்தும் இடம் நம் பேரில் பதிவாகியிருக்கிறதா, தனி உபயோகத்துக்கு ஒதுக்கியதா, அல்லது சும்மா வழக்கத்தில் நிறுத்துகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். நிறைய சண்டை அதில்தான்.

தம்பி மகன் ஏஜென்டிடம் கேட்டான். கணக்கு வந்தது, கூட்டக் குறிப்பு ஒரு வருஷத்துக்கு மட்டும் வந்தது. அதில் 'வாட்டர்புரூஃபிங் விலைப்புள்ளி பெறப்பட்டது, அடுத்த கூட்டத்தில் விவாதிக்கப்படும்' என்று ஒரே வரி. எனக்கு அந்த மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாவது தாளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 'டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை' என்பது பொய் அல்ல. வாட் பதிவு செய்த கட்டுமானக்காரரிடமிருந்து வாங்கும்போது டியூட்டி கிடையாது, அதற்குப் பதில் 15 சத வாட் விலைக்குள் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரைக்கும் யாருக்குமே டியூட்டி இல்லை, அதற்கு மேல் உள்ள தொகைக்கு முதலில் 3 சதம். 13.5 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டை வாங்கினால் டியூட்டி 4,200 ராண்ட். அதே 13.5 லட்சத்துப் புது வீட்டின் விலைக்குள் உட்கார்ந்திருக்கும் வாட் 1,76,087 ராண்ட். 4,200ஐச் சிவப்பில் அச்சடித்தவர்கள் இதை எங்கும் அச்சடிக்கவில்லை. தம்பி மகன் இந்தக் கணக்கை ஃபோனில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

புது வீட்டில் நல்லதும் உண்டு. கட்டுபவர் என்.எச்.பி.ஆர்.சி. என்ற வீடு கட்டுவோர் பதிவு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், வீடும் அதில் சேர்க்கப்பட வேண்டும். அந்தப் பாதுகாப்பில் அஸ்திவாரம், சுவர் போன்ற பெரிய கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருஷம், கூரை ஒழுகலுக்கு ஒரு வருஷம், சின்னக் குறைகளுக்கு மூன்று மாதம். ஆனால் கட்டாத வீட்டுக்குச் சொல்லும் லெவி ஒரு மதிப்பீடுதான். விற்று முடியும்வரை அது அழகாகக் குறைவாகவே இருக்கும். வீடு எப்போது முடியும் என்பதும் அப்படித்தான், அதுவரை வாடகை வேறு கட்ட வேண்டும். நான் இருந்தால் அதே தெருவில் மூன்று வருஷத்துக்கு முன் முடிந்த குடியிருப்பில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டைத்தான் பார்ப்பேன்.

ஃப்ளாட்டும் புதுக் குடியிருப்பும் இருக்கும் வடக்குப் பக்கத்துக்கு இன்னொரு கேள்வி, தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் சேதமானது, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெருலம் பக்கத்துச் சொந்தக்காரர்களைக் கேட்டால் இப்போதும் கதை சொல்வார்கள். அதனால் வீட்டைத் திறந்து காட்டும் ஷோ டேயில் ஏஜென்டிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். அல்லது தெருவில் எத்தனை வீட்டில் ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி சாட்ஸ்வொர்த் வீடு. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நான் வளர்ந்த மாதிரி வீடு.

என் தாத்தா மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர், நகராட்சித் தொழிலாளி. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் ஊரெல்லாம் பிய்த்து எறியப்பட்டபோது, 1960களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நகராட்சி கட்டிக் கொடுத்த வீடுகள் அளவெடுத்துச் சுட்ட இட்லி மாதிரி ஒன்றுபோல இருக்கும். பிள்ளைகள் கல்யாணமானதும் ஒவ்வொருவரும் பின்னால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு சமையலறை, மேலே ஒரு மாடி என்று கட்டிக்கொண்டே போனார்கள். யாரும் பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்காமல் கட்டியவர்களே அதிகம் என்று எங்கள் தெருவைப் பார்த்துச் சொல்வேன். 1977ஆம் வருஷக் கட்டிட ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. வாங்குகிறவருக்கு வலி எங்கே என்றால், பாங்கு மதிப்பீட்டாளர் பிளானில் இல்லாததைப் பார்த்தால் கடன் தாமதமாகும், சில சமயம் நிற்கும். கடன் கிடைத்துவிட்டாலும் நாளைக்கு நாம் விற்கும்போது அதே தலைவலி நம் தலைக்கு வரும்.

அதனால் வீட்டுக்காரரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, நகராட்சியில் பிளான் நகலை எடுக்கச் சொன்னேன். நகல் வந்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் போனோம்.

பிளானில் இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு கழிப்பறை. 1980களில் சேர்த்த ஒரு அறைக்கு அனுமதி முத்திரை இருந்தது. அவுட்பில்டிங் இல்லவே இல்லை. 'மாதம் 4,000 வாடகை தரும்' என்று விளம்பரத்தில் இருக்கிறதே, அதே அவுட்பில்டிங்.

உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. ஷோ டேக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் விரலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பூச்சு பொள்ளென்று சத்தம் கொடுத்தது, கையை வைத்தால் குளிர்ச்சி. சுவருக்குப் பின்னால் மண்மேடு, அதிலிருந்து ஈரம் வருகிறது. மேட்டைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருந்தன, ஆனால் மண் அடைத்திருந்தது. சாட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவு. மேட்டை வெட்டிக் கட்டிய இடத்தில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சுவரைத்தான், சமையலறை அலமாரியை அல்ல.

பிறகு அவுட்பில்டிங் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தது. மருமகள் அதன் மேல் கால் வைத்தாள், கடகடவென்று ஆடியது. பாயைத் தூக்கினால் இரும்பு மேன்ஹோல் மூடி. எங்கள் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் வீடுகளின் பின்புறமாகத்தான் ஓடுகிறது. குழாய்க்கு மேல் கட்டிடம் கட்ட நகராட்சி இஷ்டத்துக்கு விடாது. அதாவது அறைகளுக்கு அனுமதி கிடைக்கலாம், வராந்தாவை இடிக்கச் சொல்லவும் சொல்லலாம். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஏஜென்ட் பெண் மட்டும், "இங்கே எல்லா வீடும் இப்படித்தானே, ஆன்ட்டி" என்றாள். உண்மைதான். எல்லா வீடும் இப்படித்தான் என்பதால்தான் விலை பேச முடிகிறது.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முழுசாக இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும், ஆனால் கழற்ற வேண்டுமென்றால் பதிவு பெற்ற ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும், சாதாரணக் கூரைக்காரர் தொடக் கூடாது. பாதி வீட்டில் கூரையும் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒட்டியே ஓடும், ஆகவே அவர் யார் என்று பார்ப்பதும் விலையில் சேர்த்தி. நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். டீ கொடுத்தார்கள். நல்ல சகுனம்.

எலக்ட்ரிக் சான்றிதழும், மரத்தை அரிக்கும் பூச்சி இல்லை என்ற சான்றிதழும் விற்பவர் தருவதுதான் இங்கே வழக்கம். எலக்ட்ரிக் சான்றிதழில் அவுட்பில்டிங் வயரிங்கும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். 'வூட்ஸ்டூட்ஸ்' என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கும், உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். தெரிந்தே மறைத்த குறைக்கு அது விற்பவரைக் காப்பாற்றாது, ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு யார் போவது? 2022 பிப்ரவரி முதல் ஏஜென்ட் மூலம் விற்கிற வீட்டுக்கு விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அதை ஆஃபர் போடுவதற்கு முன் வாங்கிப் படியுங்கள். எங்களுக்கு வந்த படிவத்தில் 'அனுமதி இல்லாத கட்டிடம் உண்டா' என்ற கேள்விக்கு நேரே ஒன்றும் நிரப்பாமல் விட்டிருந்தது.

ஏலத்தில் எடுக்கலாமா என்று தம்பி மகன் இடையில் ஒரு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். பல ஏலங்களில் உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள், முன்பணம் அன்றைக்கே, ஏலக்காரர் கமிஷன் நம் தலையில், கடன் கிடைக்காவிட்டால் விலகும் வழி கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் 1998ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட் உத்தரவில்லாமல் ஒருவரையும் வெளியேற்ற முடியாது. பணத்தை ஒரு வருஷம் முடக்கி வைக்க முடிந்தவர்களுக்கு அது தொழில். முதல் வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு அல்ல.

செலவுப் பட்டியலில் எல்லோரும் மறக்கிற ஒன்று வக்கீல் செலவு. விற்பவர் தேர்ந்தெடுத்த கன்வேயன்ஸருக்கு (சொத்தை மாற்றிப் பதிவு செய்யும் வக்கீல்) பணம் கொடுப்பது வாங்குகிறவர். அது போகப் பாங்கு நியமிக்கும் வக்கீலுக்குக் கடன் பதிவுச் செலவு. இந்த விலையில் இரண்டும் சேர்ந்து எழுபதாயிரம் ராண்டைத் தாண்டலாம், பெரும்பாலும் கையிலிருந்துதான் போட வேண்டும். 12.9 லட்சத்தில் டியூட்டி 2,400தான். டியூட்டி வரம்பைத் தாண்டாத வீடாகப் பார்க்கிறேன் என்று சிலர் அலைவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த அலைச்சலை வட்டிக்காகச் செய்யலாம். 12 லட்சம் கடனில் அரை சதம் குறைந்தால் மாதம் 400 ராண்ட் போல மிச்சம், இருபது வருஷத்தில் 95,000க்கு மேல். நம் சம்பளம் வரும் பாங்கு ஒன்றையே நம்பாமல், நான்கு பாங்குக்கும் விண்ணப்பம் அனுப்பும் தரகரிடம் கொடுங்கள், நம்மிடம் காசு வாங்கமாட்டார்கள். மாதம் ஆயிரம் ராண்ட் கூடுதலாகக் கட்ட முடிந்தால் அதே 12 லட்சம் நான்கு வருஷம் முன்னாலேயே முடியும், வட்டியில் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறையாக மிச்சமாகும். குடும்ப வருமானம் மாதம் 22,000க்குள் இருக்கும் முதல்முறை வாங்குபவர்களுக்கு அரசின் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் உதவியும் உண்டு. இவர்கள் இருவரின் சம்பளம் அதைத் தாண்டிவிட்டது.

திரும்பி வந்து மேஜையில் மறுபடி கணக்குப் போட்டோம். எந்த விலைக்கு வந்தால் சாட்ஸ்வொர்த் வீடும் ஃப்ளாட்டும் மாதத்தில் சமமாகும்? 11.6 லட்சத்தில் வீட்டுக்கு 13,700, ஃப்ளாட்டுக்கு 13,600. அவுட்பில்டிங் வாடகையை ஒரு ராண்ட்கூடச் சேர்க்கவில்லை. அனுமதி இல்லாத அறையின் வாடகையை வைத்துக் கடன் வாங்குவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான்.

அந்த இடத்தில் எனக்கு வீடுதான் மேல் என்று பட்டது. இருபது வருஷத்தில் கடன் முடியும், லெவி முடியாது. நிலம் நம்முடையது. ஆடி மாதக் குளிரில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச முற்றத்தில் அண்டா வைக்கலாம், வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் பந்தல் போட இடம் இருக்கும். ஃப்ளாட்டில் இதற்கெல்லாம் கட்டிடத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகளிடம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். மருமகள் மட்டும் அசையவில்லை. "கூழ் வருஷத்துக்கு ஒரு நாள், அத்தை. கேட்டை நான் மாதத்துக்குப் பதினைந்து நாள் திறக்கணும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ரிமோட் மோட்டார் கேட், வெளிச்சம், காவல் கம்பெனி மாதக் கட்டணம் எல்லாவற்றுக்கும் விலை வாங்கிக் கணக்கில் சேர்த்தோம். அவளுக்காக விலை 11.6இலிருந்து 11.3க்கு இறங்கியது.

ஆஃபர் 11.3 லட்சத்துக்குப் போனது, இரண்டு நிபந்தனையோடு. கடன் 30 நாளில் கிடைக்க வேண்டும். அவுட்பில்டிங்குக்கு விற்பவர் தன் செலவில் பிளான் அனுமதி வாங்கித் தர வேண்டும், முடியாதென்றால் ஒரு தொகை வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் நிற்க வேண்டும். மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள் ஏஜென்ட் கூப்பிட்டாள்: விலை 11.75, பிளானை அவர்களே முடித்துத் தருகிறார்கள், வராந்தாவையும் இடித்துவிடுகிறார்கள்.

தம்பி மகன் எனக்கு ஃபோன் போட்டான். 11.75 நம் கணக்குக்கு மேல்தான். ஆனால் அனுமதி பெற்ற அவுட்பில்டிங் என்றால் அந்த 4,000 வாடகை இனி நிஜப் பணம். "ஒத்துக்கவா, அத்தை?" என்றான். "அவளைக் கேள், கேட்டைத் திறக்கப் போறவ அவதானே" என்றேன். பின்னால் அவள் குரல் கேட்டது: மோட்டார் கேட்டை விற்பவரே போட்டுத் தந்தால் 11.75க்குச் சரி என்று எழுது.